தோகாவில் இன்னும் விடியவில்லை

கீழே கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகிற சத்தம் கேட்டதும் இரண்டு காலையும் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டேன். இனித் தரையில் கால் படக்கூடாது. மச்சுத் தளம் முழுக்கப் பலகை, ஆள் நடந்தால் முனகும், முனகினால் கூடத்தில் இருப்பவர்கள் தலையில் தூசி விழும், தூசி விழுந்தால் யாராவது அண்ணாந்து பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். மன்னார்குடியிலிருந்து இ-பாஸ் வாங்கிக்கொண்டு இருட்டோடு கிளம்பியிருப்பார்கள். இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பலகைக்கு நேர் கீழே என் அக்கா மகள் சுபாஷினிக்குக் கல்யாணம். அவளுடைய ஒரே தாய்மாமன் நான், மேலே வெள்ளைச் சட்டையும் இடுப்பில் பழைய கைலியுமாகக் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன். வீடியோவில் மார்புக்கு மேலேதானே தெரியப்போகிறது. மாப்பிள்ளை வீட்டாரைப் பொறுத்தவரை நான் தோகாவில் இருக்கிறேன், விமானம் கிடைக்கவில்லை. இந்தத் தெருவைப் பொறுத்தவரை சென்னைக்கு வேலை தேடிப் போய்விட்டேன், தெருவில் ஒருவரையும் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. பட்டுக்கோட்டையில் இந்த மச்சில் இருக்கிறேன் என்பது அக்காவுக்கும் அத்தானுக்கும் சுபாவுக்கும் தெரியும். எனக்குத் தெரியுமா என்று கேட்டால், காலையில் கண் விழித்ததிலிருந்து அதுவே சந்தேகமாக இருக்கிறது. விடிவதற்கு முன்னால் அத்தான் ஒரு கருநீலப் போர்வையோடு மேலே வந்து என் பின்னால் இருக்கிற சுவரில் ஆணி தேடி மாட்டினார். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர், எந்தக் காரியத்தையும் தணிக்கைக்குத் தாங்குகிற மாதிரிதான் செய்வார், பொய்யையும். "அங்க இப்ப மணி என்ன இருக்கும் மாப்ள?" என்று கேட்டார். முகூர்த்தம் ஆறரைக்கு என்றால் அங்கே நாலு என்றேன். "அப்ப விடிஞ்சிருக்காதுல்ல? சன்னலச் சாத்து. வெளிச்சம் உள்ள வந்துச்சுன்னா சம்பந்தி கண்டுபுடிச்சுடுவாரு, ரைஸ்மில்காரரு, கணக்குல புலி." சன்னலைச் சாத்தினேன். ஃபேன் போடக்கூடாது, அது உத்திரத்தையே ஆட்டும். மூலையில் ஒரு வாளி வைத்திருக்கிறார்கள், அது எதற்கு என்று அக்காவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆடி பிறக்கப்போகிற நேரம், அதற்குள் முடித்தாக வேண்டும் என்றுதான் இத்தனை அவசரம். சன்னல் சாத்திய மச்சில் சட்டைக் காலர் இப்போதே நனைந்துவிட்டது, தோகாவில் ஏசி இருக்குமே, இவர் ஏன் இப்படி வேர்க்கிறார் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அத்தான் யோசித்து வைத்திருப்பாரா.

நாயனம் ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒரு நாயனம், ஒரே ஒரு தவில், ஒத்துக்கு ஆள் வரவில்லை, ஆள் எண்ணிக்கை இடிக்கும். வாசலில் யாரோ அதட்டலாகப் பேசுகிற குரல், நகராட்சியிலிருந்து ஆள் எண்ண வருவார்கள் என்று அத்தான் சொல்லியிருந்தார், அவராகத்தான் இருக்கும். ஐம்பது பேருக்குத்தான் அனுமதி. "சமையல்காரரையும் சேர்த்தா சார்?" என்கிறார் அத்தான். "சமையல்காரரு ஆள் இல்லியா?" "அவரு கொல்லைப்பக்கம் இருக்காரு சார், கூடத்துக்கே வர மாட்டாரு." "அப்ப அந்த நாயனக்காரரு? அவரு மாஸ்கும் போடல." யாரோ குறுக்கே புகுந்து, "மாஸ்க் போட்டுக்கிட்டு எப்புடி சார் ஊதுவாரு, நீங்க ஊதிக் காட்டுங்க" என்றதும் கூடமே சிரித்தது. சிரிக்கிற குரல்களில் அக்கா குரலைத் தேடினேன், இல்லை. அந்த ஆள் உரக்க எண்ணிக்கொண்டே போகிறார், எனக்கு நேர் கீழே வந்து நின்று எண்ணுகிறார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எண்ணுகிறவனாகவே இத்தனை வருஷம் இருந்தவன் நான். தோகாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி, சாரத்தில் எத்தனை பேர் ஏறலாம், லிஃப்டில் எத்தனை பேர் நிற்கலாம், எல்லாம் நான் எண்ணி விடுவதுதான். மார்ச் மாதம் இந்த நோய் வந்தபோது ஆங்கிலத்தில் வருகிற சுற்றறிக்கைகளைத் தொழிலாளர் முகாமில் நின்று தமிழில் சொல்வதும் என் வேலையாயிற்று. ஆங்கிலத்தில் படிக்கும்போது விதி யாருக்கோ போட்டது மாதிரி இருக்கும், அதையே தமிழில் சொல்ல வாயைத் திறந்தால் எதிரில் நிற்கிறவன் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருவருக்கொருவர் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். அறந்தாங்கிப் பக்கத்துக் கம்பி கட்டுகிறவர் ஒருவர், "ரூம்புல பத்துப் பேரு சார், அந்த ஒன்றரை மீட்டர எங்க வைக்கிறது, கட்டிலுக்கு அடியிலயா?" என்றார். சிரித்தேன். பதில் அந்தச் சுற்றறிக்கையில் இல்லை. மே மாதக் கடைசியில் அந்த வேலையும் இல்லை என்று ஆனது. கீழே எண்ணி முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது, காபி குடிச்சுட்டுப் போங்க சார் என்று அத்தான் உபசரிக்கிறார். கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும். அதில் நான் இல்லையே.

சரியாகத்தான் செய்தேன் நானும். அதுதான் எங்கே இடறிற்று என்று புரியாமல் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறேன். விமானத்திலிருந்து இறங்கியதும் ஒரு கல்லூரி விடுதியில் கொண்டுபோய் வைத்தார்கள், இருந்தேன், மூக்கில் குச்சி விட்டார்கள், தொற்று இல்லை என்றார்கள், வீட்டுக்கு வந்தேன். வீட்டில் இன்னும் சில நாள் தனியாக இரு என்றார்கள், இதே மச்சில் இருந்தேன். அப்போது சன்னல் திறந்திருந்தது, நடக்கலாம், இருமலாம், அக்கா கீழேயிருந்து, "மதி, என்னடா நடையா நடக்கற, பலக தேஞ்சிடும்" என்று கேலி பண்ணுவாள். வாசல் கேட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள், இந்த வீடு தனிமைப்படுத்தப்பட்டது, உள்ளே வராதீர்கள் என்று, அத்தான் பெயரும் கதவு எண்ணும் போட்டு. ஒட்டியவன் சின்னப் பையன்தான், "மன்னிச்சுக்குங்க சார்" என்று சொல்லிக்கொண்டே ஒட்டினான். அதிலிருந்து பால்காரம்மா எதிர்வீட்டுப் படியில் எங்கள் பாலை வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று குரல் கொடுப்பாள். மளிகைக்கடையில் அத்தான் நீட்டிய நோட்டைச் சோப்புத் தண்ணீரில் போடச் சொன்னார்களாம். அது போகட்டும். என் கெடு முடிந்து ஸ்டிக்கரைக் கிழிக்கச் சொன்ன அன்றைக்கென்று எதிர்வீட்டு லாரிசெட் கணேசமூர்த்திக்குக் காய்ச்சல் கண்டது, தொற்று என்று ஆம்புலன்ஸ் வந்தது, தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிட்டார்கள். தகரத்தில் ஆணி அடிக்கிற சத்தம் எப்படியிருக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கணேசமூர்த்தியின் லாரி மூன்று மாநிலம் போய் வந்தது, டிரைவர்கள் அவர் வீட்டுக்குள்தான் சாப்பிட்டார்கள், தெருவே பார்த்தது. ஆனால் லாரி தினமும் வருவது, நான் புதிதாக வந்தவன். "கத்தார்க்காரன் வந்தான், தெருவுக்கே தகரம் வந்துச்சு." இதை யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை, எல்லோரும் இரண்டாவதாகத்தான் சொன்னார்கள். எனக்குத் தொற்றே இல்லை, காகிதம் இருக்கிறது என்று தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அத்தான் போட்டார், ஒருவரும் பதில் போடவில்லை, சற்று நேரம் கழித்து யாரோ ஒருவர் கபசுரக் குடிநீர் காய்ச்சுவது எப்படி என்று ஒரு வீடியோ போட்டார். கணேசமூர்த்தி குணமாகித் திரும்பி வந்தார், நல்ல மனுஷன், மொட்டை மாடியில் நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு சொன்னார், "உங்க மேல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல தம்பி, நீங்க என்ன வேணும்னா கொண்டாந்தீங்க?" மன்னித்துவிட்டார். எதை என்று கேட்டிருக்கலாம். நன்றி சார் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன், அதுதான் நான், அந்த இடத்தில்தான் எப்போதும் இடறுகிறேன், சண்டை போட வேண்டிய இடத்தில் நன்றி என்று வாயில் வந்துவிடுகிறது.

சரி என்ற சொல்லும் அப்படித்தான் வந்தது. செம்பாளூர்ப் பெரியம்மா ஒருநாள் அக்காவுக்குப் போன் பண்ணினாள், இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவள் அவள்தான். "ஏண்டி பூங்கோத, சம்பந்தி சபாபதி கேட்டாரு, கத்தார்லேர்ந்து யாரோ வந்திருக்காங்களாமேன்னு." அவ்வளவுதான், கேள்வி அவ்வளவுதான். அக்கா போனை அத்தானிடம் நீட்டிவிட்டாள், அத்தான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, "அதெல்லாம் இல்லீங்க, அவனுக்கு ஃப்ளைட்டே கெடைக்கல, அங்கயேதான் இருக்கான்" என்றார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தகரத்துக்குப் பின்னால் இருந்துவிட்டு வந்த மனுஷருக்கு எந்தக் கேள்வியும் கேள்வியாகக் கேட்காது. போனை வைத்துவிட்டுத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார், அவருக்கே என்ன சொன்னோம் என்று அப்போதுதான் புரிந்தது போல. "மாப்ள, தப்பா நெனச்சுக்காத. பொண்ணு விஷயம். ஒரு தடவ நின்னு போச்சுன்னா அப்பறம் இந்தத் தெருவுலேர்ந்து எவன் வந்து எடுப்பான்?" அக்கா சுவரோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று நான் நினைத்தேன். நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று அவள் நினைத்திருக்கலாம். சரி அத்தான் என்றேன். அந்த இடத்தில் மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தி, அத்தான், திரும்பக் கூப்பிடுங்க, வந்துட்டான், டெஸ்ட் எடுத்தாச்சுன்னு சொல்லுங்க, அவங்க வேண்டாம்னா அப்ப நான் மச்சுல இருந்துக்கறேன் என்று சொல்லியிருந்தால். எத்தனை சின்ன வாக்கியம். சாரத்தின் மேல் பெல்ட் மாட்டாமல் நிற்கிறவனைப் பார்த்து எத்தனை உரக்கக் கத்தியிருக்கிறேன், அந்தக் குரல் எல்லாம் எங்கே போயிற்று. சுபாதான் சண்டை போட்டாள், அடுக்களையில், எனக்குக் கேட்கட்டும் என்றே. "மாமா மேல இருக்கறப்ப நான் எப்புடிம்மா கீழ ஒக்காருவேன்? பைத்தியமா உங்களுக்கெல்லாம்?" பிறகு அழுகை. பிறகு ஒன்றும் இல்லை. வீட்டில் நாலு பேர், நாலு பேரும் மற்ற மூன்று பேருக்காக ஒத்துக்கொண்டோம்.

புகை வருகிறது. ஹோமம் ஆரம்பித்திருக்கிறது, பலகை இடுக்குகளிலிருந்து மெல்லிசாக எழும்பி, போர்வைத் தொங்கலைத் தொட்டு, சாத்திய சன்னலுக்கு வழி தெரியாமல் அறையிலேயே சுற்றுகிறது. தொண்டையில் ஒரு நமைச்சல். ஐயோ, இதை ஒருவரும் நினைக்கவில்லையே, வெளிச்சத்தை நினைத்தார்கள், ஃபேனை நினைத்தார்கள், அத்தனை யோசித்த அத்தானுக்கு நெருப்பு இருந்தால் புகை மேலே வரும் என்று தோன்றவில்லையே. சொம்பை எடுத்து ஒரு மடக்கு விழுங்கினேன். இருமினால் என்ன, தும்மினால் என்ன என்று இருந்த காலம் எல்லாம் எங்கோ போன ஜென்மம் மாதிரி இருக்கிறது. பஸ்ஸில் ஒருவர் இருமினால் ஓட்டுநரே வண்டியை நிறுத்துகிறார் என்று பேப்பரில் போடுகிறார்கள். தலையணையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டேன், கண்ணில் நீர் முட்டியது, நமைச்சல் கொஞ்சம் இறங்கிற்று, மறுபடி ஏறிற்று, மறுபடி ஒரு மடக்கு. கீழே ஐயர் மந்திரத்தின் நடுவில், "பொண்ணக் கூட்டிண்டு வாங்கோ, தாய்மாமன் மாலை போடணும், மாமன் யாரு?" என்கிறார். "நான்தாங்க" என்று குணசேகரன் குரல். சித்தப்பா மகன், எனக்கு நாலு வயது இளையவன், குணா. பாவம் அவனும், என் இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்கே அது பழகிவிட்டது. சுபாவுக்குக் காது குத்தியபோது நான் முதல் விசாவில் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, குணா மடியில் உட்கார்த்தி வைத்துக் குத்தினார்கள், போட்டோவில் குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது, குணாவும் கூடவே அழுகிற மாதிரி முகத்தை வைத்திருக்கிறான். அவள் பெரியவளானபோது லீவு கேட்டேன், கான்கிரீட் ஓடுகிற நேரம், அடுத்த மாதம் போ என்றார்கள், அதற்கு ஏது அடுத்த மாதம். ஊருக்கு வந்த ஒருவரிடம் பட்டுப்புடவை கொடுத்தனுப்பினேன், சீர்த் தட்டைக் குணா தூக்கிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு தடவையும் அக்கா போனில், "பரவால்லடா, குணா இருந்தான்" என்பாள். அந்தப் பரவாயில்லை எனக்கு அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு எப்படியும் வந்துவிடுவேன், அந்த ஒரு மாலை என் கையால்தான் என்று சுபாவிடம் சொல்லியிருந்தேன், போன தடவை வந்தபோது, பஸ் நிலையத்தில், என்னை வழியனுப்ப வந்தவளிடம். "பாக்கலாம் பாக்கலாம்" என்று சிரித்தாள். வந்துவிட்டேன். விமானமா கிடைக்கவில்லை, கடலா குறுக்கே இருக்கிறது, பலகை. ஒரு விரற்கடை கனம் இருக்குமா இந்தப் பலகை.

போன் அதிர்ந்தது. சத்தம் வராமல் வைத்திருந்தும் தலையணைமேல் அது உறுமியது. எடுத்தேன். திரையில் அக்கா முகம், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டிருக்கிறாள், குங்குமம் கொஞ்சம் கலைந்திருக்கிறது. "மதி, தெரியுதாடா? கேக்குதா?" என்றாள். முதலில் அந்தக் குரல் பலகை வழியாகக் கீழேயிருந்து வந்தது, பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, போன் வழியாக மறுபடி வந்தது. இதையும் ஒருவரும் யோசிக்கவில்லை. எல்லாம் இரண்டு தடவை. கேட்குதுக்கா என்று குசுகுசுவென்று சொன்னேன், அங்கே நாலு மணி, பக்கத்து அறையில் தூங்குகிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், மெல்லத்தான் பேச வேண்டும். தலைக்கு மேலே இருக்கிற தம்பியிடம் தோகாவில் இருக்கிற தம்பியிடம் பேசுகிற மாதிரி பேச வேண்டும் அவள். "சம்பந்தி பேசணுங்கறாரு" என்று போனை நீட்டிவிட்டாள். சபாபதி. ரைஸ்மில் என்றதும் பெரிய மீசையோடு ஒருவரை நினைத்து வைத்திருந்தேன், ஒல்லியாக, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிய, ஒரு சாதுவான மனுஷர். "என்ன தம்பி, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு, தூங்கவே இல்லியா?" என்றார். புகை என்று சொல்ல முடியுமா. "நாலு மணிதாங்க ஆவுது இங்க" என்றேன். "பாவம், எங்களுக்காக எந்திரிச்சு ஒக்காந்திருக்காரு பாருங்க. ஒரே தாய்மாமன், நீங்க இல்லாதது எங்களுக்கே கொறையாத்தான் தம்பி இருக்கு. எப்புடியாவது வந்திருக்கலாம். வந்தா என்ன, பத்து நாள் தனியா இருந்துட்டு டெஸ்ட் எடுத்துக்கிட்டா முடிஞ்சுது. எங்க பெரியவன் மஸ்கட்லேர்ந்து போன மாசம்தான் வந்தான், தெருவுல என்னா பேச்சுங்கறீங்க, போங்கய்யா என் மகன் எனக்குன்னுட்டேன். தோ நிக்கிறான் பாருங்க." போனைத் திருப்பினார். பட்டு வேட்டியில் ஒரு இளைஞன், மணவறைக்குப் பக்கத்தில், கையில் பூத்தட்டோடு நின்றுகொண்டு, போனைப் பார்த்துக் கையசைத்தான். "வாங்க அங்கிள், அடுத்த ஃப்ளைட்ட புடிங்க" என்றான், கீழேயிருந்து ஒரு தடவை, போனிலிருந்து ஒரு தடவை. அவனுக்குப் பின்னால் அத்தான். மாஸ்க்குக்கு மேலே அவருடைய கண் மட்டும் தெரிந்தது, அது நேராகப் போனைப் பார்க்கவில்லை. கத்தார்லேர்ந்து யாரோ வந்திருக்காங்களாமே. தன் மகனைத் தெரு பேசிய பேச்சில் நொந்துபோன ஒருவர், இன்னொரு வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். கேட்ட குரலை நாங்கள் கேட்கவே இல்லை, பெரியம்மா வாய் வழியாக வந்த சொல்லைத்தான் கேட்டோம், அதற்குத் தெருவின் குரலை நாங்களே கொடுத்துவிட்டோம். இப்போது எழுந்து இந்த மாடிப்படியில் இறங்கினால் போதும், பன்னிரண்டோ பதினான்கோ படி. வந்துட்டேங்க என்று சொன்னால் போதும். ஆனால் இப்போது நான் இறங்கினால் கொண்டுபோவது நோய் இல்லை, அத்தானுடைய பொய். தாலி ஏறாத கழுத்தோடு சுபா நிற்கும்போது, பெண்ணைப் பெற்றவர் பொய்யர் என்று காட்டிக்கொடுக்க ஐம்பது பேர் முன்னால் நானா போய் நிற்பது. நோய்க்காக மேலே ஏறினேன், அது இல்லை என்றாகிவிட்டது, பொய்க்காக மேலேயே இருக்கிறேன். "என்ன தம்பி, பேச்சே காணும்?" என்றார் சபாபதி. "லைன் சரியில்லீங்க" என்றேன்.

போன் குணாவின் கைக்குப் போயிற்று. ஒரு கையில் போன், ஒரு கையில் மாலை, சம்பங்கியும் ரோஜாவும். "மதியண்ணே, நீங்க சொன்னாத்தான் போடுவேன்" என்றான். அவனுக்குத் தெரியாது, அவன் நிஜமாகவே கடல் தாண்டி இருக்கிற என்னிடம்தான் உத்தரவு கேட்கிறான். அவனுக்குப் பின்னால் சுபா. கூறைப்புடவையில், தலை குனிந்து. மாஸ்க் இல்லை, மணப்பெண்ணுக்கு மட்டும் விலக்கு. குணா போனை அவள் பக்கம் திருப்பினான். நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் போனைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே, உத்திரத்துக்கும் மேலே, நான் உட்கார்ந்திருக்கிற இடத்தை அப்படியே பார்த்தாள், ஒரு கணம், பிறகு கண்ணை இறக்கிப் போனைப் பார்த்தாள். போடு குணா என்றேன். சற்று நேரத்தில் கீழே கூடத்தில் ஒரு குரல், போடு குணா, என்றது. என் குரல்தான். கொஞ்சம் உலோகமாக, கொஞ்சம் தள்ளி, தூரத்தில் இருக்கிற ஒருத்தனுடைய குரல். இத்தனை வருஷமும் இவர்கள் கேட்டது இந்தக் குரலைத்தான், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூடத்தில் போனை நடுவில் வைத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்து கேட்டது இதைத்தான். கீழே ஒருவரும் சந்தேகப்படவில்லை, ஏன் படப்போகிறார்கள், அந்தக் குரல் அவ்வளவு கச்சிதமாகத் தோகாவிலிருந்து வந்தது. மாலை விழுந்தது. குணா அட்சதை எடுக்க வேண்டும் என்று போனை எங்கோ வைத்தான், நாற்காலியில் மல்லாக்க வைத்திருப்பான், திரையில் சட்டென்று ஆள்கள் எல்லாம் மறைந்து பலகை தெரிந்தது. உத்திரமும், அதில் தொங்குகிற ஃபேனும், நீளநீளமான தேக்குப் பலகைகளும், இடுக்குகளில் கறுத்த தூசியும். நான் உட்கார்ந்திருக்கிற தளத்தை அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடம்பைக் கொஞ்சம் நகர்த்தினேன். திரையில் ஒரு இடுக்கிலிருந்து தூசி ஒரு நூல் மாதிரி இறங்கியது. கெட்டிமேளம், கெட்டிமேளம், தவில் பலகையை அதிரச் செய்தது, கட்டில் அதிர்ந்தது, பிறகு அதே தவில் போனில் சின்னதாக, தகர டப்பாவில் தட்டுகிற மாதிரி. மஞ்சள் அரிசி கொஞ்சம் திரையில் எழும்பி, நின்று, போன்மேலேயே விழுந்தது. தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. இரண்டு தடவை கேட்டேன்.

பிறகு அழுகை. அக்கா. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அம்மா அழுவதுதான், யாரும் அதைப் பெரிதாக எடுக்கமாட்டார்கள், அழுதுக்கட்டும் விடுங்க என்று யாரோ பெண்பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கு அவள் அழுகை தெரியும், அப்பா போனபோது இப்படித்தான் அழுதாள், குரலே வராமல், விக்கலாக மட்டும். பலகை வழியாக ஒரு விக்கல், பிறகு போனில் அதே விக்கல், அதற்குள் அடுத்தது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து எது முதல் எது பின் என்று தெரியாமல் போயிற்று. தாங்கவில்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். ஒரு குரல் நின்றுவிட்டது. கீழேயிருந்து வருகிறது மட்டும் மிச்சம் இருந்தது. "என்னாச்சு, கட்டாயிருச்சா?" "அங்கெல்லாம் டவர் அப்புடித்தான்" என்கிறார் சபாபதி. "அழுவாத பூங்கோத, சாயங்காலம் கூப்பிட்டுப் பேசிக்கலாம்" என்கிறார் அத்தான், அவர் குரலும் ஒரு மாதிரி இருக்கிறது. பந்தி போட்டாச்சு, அஞ்சஞ்சு பேரா தள்ளித் தள்ளி ஒக்காருங்க என்று யாரோ கூப்பிடுகிறார்கள், நாற்காலிகள் இழுபடுகின்றன, சிரிப்பு, சாம்பார் வாசனை, புகை இப்போது ஏறக்குறைய இல்லை, தொண்டையில் நமைச்சலும் போய்விட்டது, முடிந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருந்தால் கார்க் கதவுகள் மறுபடி சாத்தப்படும், அவளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், அதற்குப் பிறகு இறங்கலாம், ஃபேன் போடலாம், குளிக்கலாம், மறுவீட்டுக்கு வரும்போது ஃப்ளைட் கிடைத்துவிட்டது என்று அத்தான் ஏதாவது தேதி கண்டுபிடிப்பார், நானும் புதிதாக வந்தவன் மாதிரி வாசலில் நின்று வாங்க வாங்க என்பேன், அதையும் நன்றாகவே செய்வேன், அப்படியே அது ஒரு உண்மை மாதிரி ஆகிவிடும். அப்போது எனக்கு நேர் கீழே, கூடத்து நடுவிலிருந்து, சுபா கேட்டாள். "மாமா, சாப்டீங்களா?" உரக்கக் கேட்டாள். யாரோ சிரித்தார்கள். "அட, அதான் லைனு கட்டாயிருச்சேம்மா, யாருகிட்ட கேக்கற?" என்றார் சபாபதி. "மாமா," என்று மறுபடியும் கேட்டாள், இந்தத் தடவை மெதுவாக, அறையில் கூட இருக்கிற ஒருவரிடம் கேட்கிற மாதிரி, "சாப்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

சாதாரணக் குரலில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். கீழே நாற்காலிச் சத்தம் நின்றது. பேச்சு நின்றது. அக்காவின் விக்கல்கூட நின்றது. காலைக் கட்டிலிலிருந்து இறக்கிப் பலகையில் வைத்தேன்.